46 என்பதை 64 என்று எழுதுகிறாள், 40 என்பதை 68 என்று: பிரெயிலில் எங்கே தவறுகிறது?

நாலாம்வகுப்பு | ஜூலை 8, இரவு 9.15

பொதுப்பள்ளி. 31 பிள்ளைகளில் ஒருத்திக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. வாயால் கேட்டால் கூட்டல் விடை டக்கென்று வருகிறது. பிரெயில் சிலேட்டில் எழுதச் சொன்னால் கோணல். எனக்குப் பிரெயில் தெரியாது. வாரம் ஒருநாள் வரும் சிறப்பாசிரியர் ஒவ்வொரு விடைக்கும் கீழே பென்சிலில் எண்ணை எழுதிவிட்டுப் போகிறார். கேள்வியை நான் சொல்வேன், அவள் விடையை மட்டும் எழுதுவாள். போன வாரத் தாள் இப்படி:

25+15 க்கு 68. 32+27 க்கு 59. 19+27 க்கு 64. 45+35 க்கு 08. 38+35 க்கு 73. 51+33 க்கு 06. 60+35 க்கு 95. 17+15 க்கு 3 போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

இடமதிப்பு பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். 46 ஐ 64 என்கிறாள், 80 ஐ 08 என்கிறாள். பத்தும் ஒன்றும் இடம் மாறுகின்றன. பேசாமல் மணிச்சட்டத்தைக் கொடுத்துவிட்டு எழுதும் வேலையை நிறுத்திவிடலாமா?

எழுத்தாணி | ஜூலை 8, இரவு 9.50

இடமதிப்பில் கோளாறு இல்லை டீச்சர். இடம் மாறினால் 40 என்பது 04 ஆகும். 68 எங்கிருந்து வந்தது?

பிரெயில் கட்டத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. எண் 4 க்கு 1-4-5 புள்ளிகள், 6 க்கு 1-2-4. எண் 8 க்கு 1-2-5, பூஜ்யத்துக்கு 2-4-5. தாளில் வரைந்து கண்ணாடியில் காட்டுங்கள். 4 என்பது 6 ஆகத் தெரியும், 8 என்பது 0 ஆகத் தெரியும். இப்போது 40 ஐக் கட்டம் கட்டமாகத் திருப்புங்கள்: 68. 84 ஐத் திருப்பினால் 06. 80 க்கு 08, 46 க்கு 64. கடைசி இரண்டும் இடம் மாறியதுபோலத் தெரிவது வெறும் தற்செயல்.

சிலேட்டில் தாளின் பின்பக்கத்திலிருந்து குத்துகிறோம். வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆகவே எழுதும்போது 1, 2, 3 புள்ளிகள் கட்டத்தின் வலப்பக்கம் இருக்கும். அவள் வரியை வலமிருந்துதான் தொடங்குகிறாள், அதனால் இலக்கங்களின் வரிசை சரி. கட்டத்துக்குள் மட்டும் படிக்கிற பக்கத்தை நினைத்துக் குத்துகிறாள். கணக்கு எட்டும் சரி.

சோழி | ஜூலை 8, இரவு 10.20

திருத்தியவர் தாளைப் பள்ளப் பக்கமாகப் பார்த்துப் படித்திருந்தால்?

எழுத்தாணி | ஜூலை 8, இரவு 10.31

அப்படியானால் இலக்கங்களின் வரிசையும் திரும்பியிருக்கும். எண்ணுக்கு முன்னால் வரும் எண்குறி 3-4-5-6. அது திரும்பினால் 1-2-3-6, அதாவது வ. எல்லா எண்ணுக்கும் கடைசியில் ஒரு வ தொங்கும். பிரெயில் தெரிந்தவர் அதை விட்டுவைக்க மாட்டார்.

ஆறுபுள்ளி | ஜூலை 9, காலை 6.40

ஒன்று இடிக்கிறது. 5 க்கு 1-5, 9 க்கு 2-4. அவையும் கண்ணாடி ஜோடிதான். 59 ஐ அவள் 95 என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? 59, 95 இரண்டும் சரியாக இருக்கின்றன. எண்குறியும் சரியாகவே இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பாதிதான் திரும்புமா?

எழுத்தாணி | ஜூலை 9, காலை 8.05

நியாயம். பதில் இல்லை இப்போதைக்கு.

ஆறுபுள்ளி | ஜூலை 9, மதியம் 1.30

நானே பிடித்துவிட்டேன். எண்ணை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தைப் பாருங்கள்.

எண்ணுக்குத் தனி வடிவம் கிடையாது. எண்குறி போட்டபின் எழுத்து வடிவங்களே எண் ஆகின்றன. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் 1 இன் வடிவம் அ. 3 இன் வடிவம் ச. 5 என்பது ஏ, 9 என்பது இ. எண்குறியே ண. இவை ஐந்தும் தமிழில் தினம் எழுதுகிற எழுத்துகள், கை பழகியிருக்கும். 4, 6 இன் வடிவங்கள் அவள் எழுதும் தமிழில் வருவதே இல்லை. 8 என்பது ஹ, 0 என்பது ஜ. நாலாம் வகுப்புப் பிள்ளை எப்போதாவது எழுதுவாள். தமிழ் எழுதிப் பழகிய எண்ணெல்லாம் சரி, பழகாத எண்ணெல்லாம் திரும்பல். 7 இன் வடிவமும் தமிழுக்கு வேண்டாததுதான், ஆனால் 1-2-4-5 இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, திரும்பினாலும் 7 தான்.

அந்தக் கேள்விக்குறியும் இதிலேயே அடங்குகிறது. 17+15 க்கு 32. 2 என்பது 1-2, தமிழில் வராத வடிவம். திரும்பினால் 4-5. அப்படி ஓர் எண்ணே கிடையாது, அதனால்தான் திருத்தியவர் விழித்திருக்கிறார்.

சோதனை வேண்டுமா? 'ராஜா' என்று எழுதச் சொல்லுங்கள்.

நாலாம்வகுப்பு | ஜூலை 11, மாலை 5.10

'ராஹா' என்று வந்திருக்கிறது.

எழுத்தாணி | ஜூலை 11, மாலை 5.48

ஆறுபுள்ளிக்கு ஒரு கும்பிடு.

டீச்சர், திருத்தும் வழி. இடது, வலது என்ற சொற்களைச் சிலேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். 'முதல் பக்கம்', 'இரண்டாம் பக்கம்' என்று சொல்லுங்கள். எழுதும்போது எழுத்தாணி வலப்பக்கத்தைத்தான் முதலில் தொடும், அங்கே 1, 2, 3. படிக்கும்போது விரல் இடப்பக்கத்தை முதலில் தொடும், அங்கேயும் 1, 2, 3. 'முதலில் வருவது 1, 2, 3' என்ற ஒரே விதி இரண்டுக்கும் பொருந்தும். 4 க்கு: முதல் பக்கம் மேல் ஒன்று, இரண்டாம் பக்கம் மேலும் நடுவும்.

பயிற்சிக்கு 2, 4, 6, 8, 0 மட்டும் போதும். ஒரு வரி எழுதியதும் சட்டத்தைத் திறந்து, தாளை எடுத்துத் திருப்பி அவளே விரலால் படிக்கட்டும். மறுபடி எழுத, தாளில் முள் பதிந்த அதே ஓட்டைகளில் தாளை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வரி முந்தைய வரிமேல் ஏறி இரண்டும் கெடும். நோட்டுத் தாள் வேண்டாம், புள்ளி அமுங்கிவிடும், குத்தும்போதே கிழியும். கெட்டியான பழைய மாதக் காலண்டர் தாள் நன்றாக உழைக்கும்.

சோழி | ஜூலை 11, இரவு 8.22

இதெல்லாம் எதற்கு? பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சு மெஷின் வாங்கிக் கொடுத்தால் திரும்பல் பிரச்சினையே இல்லை. ஆறு புள்ளிக்கு ஆறு விசை, புள்ளி மேல்பக்கமாகவே எழும், எழுதியதை அப்போதே தடவிப் பார்க்கலாம்.

பழையகணக்கு | ஜூலை 12, காலை 7.00

உண்மை. விலையும் எடையும் தெரிந்துதான் சொல்கிறீர்களா?

நெடுக்கில் கூட்டும்போது பெர்கின்ஸ் வேறு தொல்லை தரும். பார்வையுள்ள பிள்ளை வலக்கோடியில் ஒன்றாமிட விடையைப் போட்டுவிட்டு, கையை இடப்பக்கம் நகர்த்திப் பத்தாமிடத்தைப் போடும். மெஷினில் ஓர் இலக்கத்தை அடித்ததும் தலை ஒரு கட்டம் வலப்பக்கம் போய்விடும். அடுத்த இலக்கத்தை இடப்பக்கம் போட, பின்விசையை இரண்டு முறை அழுத்த வேண்டும். ஒருமுறை மட்டும் அழுத்தினால் இரண்டு இலக்கமும் ஒரே கட்டத்தில் விழுந்து, புள்ளிகள் குழம்பிக் கிடக்கும். மிச்சம் 1 ஐ மேலே குட்டியாக எழுதிக்கொள்ளவும் இடமில்லை.

அதனால் பிரெயிலில் எழுதும் பிள்ளைக்குக் கிடைமட்டமாக, பெரிய இடத்திலிருந்து கூட்டக் கற்றுக்கொடுப்பது மேல். 46+38: நாற்பதும் முப்பதும் எழுபது, ஆறும் எட்டும் பதினாலு, ஆக எண்பத்து நாலு. இந்தப் பிள்ளை வாயால் டக்கென்று சொல்வதும் இப்படித்தான் இருக்கும்.

நெடுக்கில் அடுக்கியே ஆக வேண்டுமென்றால் டெய்லர் பிரேம். எண்கோண நட்சத்திர ஓட்டைகள் வரிசையாக இருக்கும் பலகை. சதுர உலோகக் குச்சி, ஒரு முனையில் ஒற்றை மேடு, மறுமுனையில் இரண்டு முள். மேடு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதுதான் எண். எட்டுத் திசைக்கு 1 முதல் 8 வரை. குச்சியைத் தலைகீழாக்கினால் 9, 0, கூட்டல் கழித்தல் குறிகள்.

ஆறுபுள்ளி | ஜூலை 12, காலை 7.35

எட்டுத் திசை யோசனை டெய்லருக்கும் முந்தியது. 1711 இல் கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியரான நிக்கோலஸ் சாண்டர்சன் குழந்தையிலேயே அம்மையில் பார்வை இழந்தவர். அவர் பலகையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சின்னச் சதுரம். நடுவில் பெரிய ஊசி மட்டும் இருந்தால் 0, சின்ன ஊசி மட்டும் இருந்தால் 1. நடுவில் பெரிய ஊசி, சுற்றி எட்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் சின்ன ஊசி என்றால் 2 முதல் 9.

பழையகணக்கு | ஜூலை 12, மாலை 6.15

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனித் தவறு உண்டு. தவறான விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் எந்தக் கருவி படுத்தியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிலேட்டில் 4 க்கு 6, 8 க்கு 0, 5 க்கு 9. டெய்லர் பிரேமில் குச்சி ஒரு பிசகு தள்ளி உட்கார்ந்தால் பக்கத்து எண்: 3 க்குப் பதில் 4 அல்லது 2. திசைகள் வட்டம் என்பதால் 8 க்குப் பக்கத்தில் 1 இருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம். மேடு தேய்ந்த குச்சிகளை முதலில் பொறுக்கி எறியுங்கள். மணிச்சட்டத்தில் ஒரு கம்பிக்கு மேலே ஒரு மணி, மதிப்பு 5. கீழே நாலு மணி. அங்கே விடை 5 தவறும், அல்லது கம்பி மாறிப் பத்து மடங்கு தவறும். தாளில் எழுதும் பார்வையுள்ள பிள்ளைக்கு மிச்சம் மறந்து 10 குறையும், அல்லது இலக்கங்கள் சாய்ந்து அடுத்த நெடுக்கில் விழும்.

டீச்சர் கேட்டதற்குப் பதில்: மணிச்சட்டம் கொடுங்கள், எழுதுவதையும் விடாதீர்கள். மணிச்சட்டத்தில் விடை மட்டும் மிஞ்சும், வந்த வழி அழிந்துவிடும். பெரிய வகுப்பில் இயற்கணிதம் வரும்போது ஒவ்வொரு வரியையும் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். வாங்கும்போது மணிகளுக்கு அடியில் கம்பளித்துணி ஒட்டியதாகப் பாருங்கள். டிம் கிரான்மர் 1962 இல் கொண்டுவந்த மாற்றம் அதுதான். துணி இல்லாத சாதாரணச் சட்டத்தில் விடையைத் தடவிப் படிக்கும்போதே மணி நகர்ந்துவிடும்.

சோழி | ஜூலை 12, இரவு 9.05

தேர்வறையில் இதையெல்லாம் விடுவார்களா?

எழுத்தாணி | ஜூலை 12, இரவு 9.30

மத்திய அரசின் 2013, 2018 வழிகாட்டுதல்களில் பிரெயில் சிலேட், மணிச்சட்டம், டெய்லர் பிரேம், வடிவியல் பெட்டி எல்லாம் பெயர் சொல்லி அனுமதிக்கப்பட்டிருந்தன. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் ஆங்கில மூலத்தில் டெய்லரை எழுத்துப் பிழையோடு தையல்காரர் ஆக்கிவிட்டார்கள். நகலை முன்கூட்டியே கொடுத்து விளக்கிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் தையல் மெஷினை எதிர்பார்ப்பார்கள்.

நாலாம்வகுப்பு | ஜூலை 14, இரவு 8.40

மணிச்சட்டம் தொடங்கிவிட்டோம். 95 வை என்றால் நூறாமிடக் கம்பியில் விரல் போகிறது. 59 தகராறு இல்லை. 90 முதல் 99 வரைதான்.

ஆறுபுள்ளி | ஜூலை 14, இரவு 9.12

தொண்ணூறு. அதற்குள் நூறு ஒலிக்கிறது. இருபது, முப்பது, எண்பது வரை 'பது' என்று பழகிய காது அங்கே சறுக்குகிறது. பார்வையுள்ள பிள்ளைக்குச் சொல்லோடு 9, 0 என்ற எழுத்தும் சுவரெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இவளுக்குச் சொல்தான் முதலில். தொள்ளாயிரத்திலும் இதே கதை வரும், ஆயிரம் ஒலிக்கும். 90 ஐ 'ஒன்பது பத்து' என்றும் 900 ஐ 'ஒன்பது நூறு' என்றும் கொஞ்ச நாள் சேர்த்தே சொல்லுங்கள்.

மற்றபடி தமிழ் எண்ணுப்பெயர் இவளுக்குச் சாதகம். எழுபத்து மூன்று: பெரிய இடம் முதலில், எழுதும் வரிசையும் அதுவே. இந்தியில் 73 க்கு 'திஹத்தர்', மூன்று முன்னால் வந்துவிடும்.

பழையகணக்கு | ஜூலை 15, காலை 6.50

காது பற்றிப் பேச்சு வந்ததால் பெரிய வகுப்புக்கு ஒன்று. 'ரெண்டு எக்ஸ் பிளஸ் மூணு பை அஞ்சு' என்று வாசிக்கிறோம். ஐந்து எதற்குக் கீழே? மூன்றுக்கு மட்டுமா, முழுசுக்குமா? கரும்பலகையைப் பார்க்கிற பிள்ளை கோட்டின் நீளத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். காதுக்குக் கோடு இல்லை. 'பின்னம் தொடக்கம், ரெண்டு எக்ஸ் பிளஸ் மூணு, கீழே அஞ்சு, பின்னம் முடிவு' என்று வாசியுங்கள். பார்வையற்ற கணிதப் பேராசிரியர் ஆபிரகாம் நெமத் 1950 களில் வகுத்த கணிதப் பிரெயிலில் இப்படித்தான் பின்னத்துக்குத் திறப்புக் குறியும் மூடும் குறியும் உண்டு. வகுப்பில் பார்வையுள்ள பிள்ளைகள் பாதிப் பேர் (2x+3)/5 எழுதும்போது கோட்டைக் குட்டையாகப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் அவர்களே ஏமாறுவதும் இந்த வாசிப்பில் குறையும்.

தேர்வில் சொல்வதை எழுதுபவருக்கும் இதே முறையில் சொல்லப் பழக்க வேண்டும். 'நூறு', 'ஆறு' இரண்டும் விசிறிச் சத்தத்தில் ஒன்றாகக் கேட்கும். 'ஒன்று பூஜ்யம் பூஜ்யம்' என்று இலக்கமாகச் சொன்னால் தப்பலாம்.

சோழி | ஜூலை 15, மாலை 4.20

சின்ன வகுப்புக்கு வாருங்கள். எண்ணிக்கைக்கு என் சிபாரிசு பல்லாங்குழி. நாலு புளியங்கொட்டை மேசையில் கிடந்தால் பார்வையுள்ள பிள்ளை எண்ணாமலே நாலு என்கும், ஒரே பார்வை. விரலுக்கு அந்த ஒரே பார்வை கிடையாது. ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், தேடும்போதே கொட்டை உருளும், எண்ணியதையே மறுபடி எண்ணும். குழியில் போட்டால் உருளாது. வரிசைக்கு 7 குழி, இரண்டு வரிசை. வரிசைக்கு ஓரத்து இரண்டு குழிகளைத் துணி வைத்து அடைத்தால் ஐந்தைந்தாகப் பத்து. துணியை எடுத்துவிட்டு, குழிக்கு ஐந்து போட்டு ஒரு வரிசையைத் தடவினால் ஏழைந்து முப்பத்தைந்து.

எழுத்தாணி | ஜூலை 15, மாலை 5.02

துணி வேண்டாம், விரல் உள்ளே அமுங்கும், அதுவும் குழி என்று நினைக்கும். களிமண்ணால் மட்டம் செய்யுங்கள். இல்லாவிட்டால் 30 முட்டை அட்டையில் இரண்டு வரிசை ஐந்து குழியாக வெட்டிக்கொள்ளுங்கள், செலவே இல்லை.

எண்ணும்போது இடக்கை கடைசியாக எண்ணிய இடத்தில் நிற்க வேண்டும், வலக்கை அடுத்ததைத் தேட வேண்டும். இதைச் சொல்லித்தான் தர வேண்டும், தானாக வராது.

சோழி | ஜூலை 15, மாலை 5.15

விரல் விட்டு எண்ணுவதும் தானாக வராதோ?

ஆறுபுள்ளி | ஜூலை 15, இரவு 7.58

பார்வையுள்ள பிள்ளை பிறர் விரலை மடக்குவதைப் பார்த்துக் கற்கிறது. விர்ஜினி குரோலன் குழுவினர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில் பார்வையற்ற பிள்ளைகள் தாமாக விரலைப் பயன்படுத்துவது குறைவாக இருந்தது, விடையில் பின்தங்கவில்லை. விரல் மடக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த விரல்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

நாலாம்வகுப்பு | ஜூலை 18, இரவு 9.00

வடிவியல் பாடத்தில் கனசதுரம். படத்தின் கோடுகள்மேல் சணல் ஒட்டிக் கொடுத்தேன். 'சதுரம் என்றீர்கள், இது ஏன் சாய்ந்திருக்கிறது?' என்கிறாள்.

எழுத்தாணி | ஜூலை 18, இரவு 9.40

சரியான கேள்வி. அந்தப் படம் ஒரு மூலையில் நின்று பார்க்கிற கண்ணுக்காக வரைந்தது. விரல் எந்த மூலையிலும் நிற்பதில்லை. கன உருவத்துக்குப் படமே வேண்டாம். பக்கங்கள் சமமான ஓர் அட்டைப் பெட்டியைக் கையில் கொடுங்கள். முகம் 6, விளிம்பு 12, முனை 8: எண்ணிய முனையில் களிமண் உருண்டை வைத்தால் இரண்டாம் முறை எண்ணமாட்டாள். பிறகு ஒட்டிய இடங்களைப் பிரித்து விரியுங்கள், வலை கிடைக்கும். பார்வையுள்ள பிள்ளைகள் கனசதுரப் படத்தில் தெரிகிற மூன்று முகத்தை மட்டும் எண்ணி 3 என்பார்கள். அவர்களுக்கும் பெட்டிதான் மருந்து.

தட்டை உருவத்துக்குச் சணல் சரி. இரண்டு கோட்டுக்கு நடுவே அரை சென்டிமீட்டராவது விடுங்கள், நெருங்கினால் விரலில் ஒரே கோடாகிவிடும். கோந்து முழுக்கக் காய்ந்தபின் கொடுங்கள். தையற்காரர் பல்சக்கரத்தால் ரப்பர் விரிப்பின்மேல் கோடு போடுவதானால் நினைவிருக்கட்டும்: கோடு தாளின் மறுபக்கம் எழும், படம் திரும்பிவிடும். சிலேட் கதைதான். இந்த இடத்தில் தையல்காரரைச் சொன்னது வேண்டுமென்றே.

பழையகணக்கு | ஜூலை 19, காலை 7.20

காகித மடிப்பை யாரும் சொல்லவில்லையே. சென்னையில் 1893 இலேயே சுந்தர ராவ் இதற்கென ஒரு நூல் போட்டவர். மடிப்புக் கோடு கண்ணுக்கும் விரலுக்கும் ஒன்றே.

சமபக்க முக்கோணம்: சதுரத் தாளை நெடுக்கில் பாதியாக மடித்து, நகத்தால் அழுத்தி, விரியுங்கள். மேடு மேல்பக்கம் இருக்க வேண்டும், பள்ளமாக இருந்தால் விரலுக்கு எட்டாது. இடது கீழ்மூலை அசையாமல் இருக்க, வலது கீழ்மூலையைத் தூக்கி அந்த நடுமேட்டின்மேல் உட்கார வையுங்கள். உட்கார்ந்த இடம் மூன்றாம் முனை. அடிப்பக்கம்தான் தூக்கி வைக்கப்பட்டது, நீளம் எப்படி மாறும்? நிரூபணம் கையிலேயே இருக்கிறது.

சோழி | ஜூலை 19, காலை 8.10

குறைபார்வைப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் பெரிதாக்கி அச்சடித்தால் போதும்தானே?

ஆறுபுள்ளி | ஜூலை 19, காலை 8.45

எல்லோருக்கும் இல்லை. ஓரப்பார்வை போய் நடுவில் மட்டும் குழாய்போலத் தெரிகிற பிள்ளைக்குப் பெரிதாக்கினால் ஒரு பார்வைக்குள் இரண்டு இலக்கம்தான் அடங்கும், நெடுக்குக் கணக்கு சிதறிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குச் சாதாரண அளவு, கறுத்த மை, தடித்த கோடு, நல்ல வெளிச்சம். பெரிதாக்குமுன் கண் மருத்துவர் சீட்டில் பார்வைப் புலம் என்ன என்று பாருங்கள்.

நாலாம்வகுப்பு | ஜூலை 25, இரவு 8.30

இந்த வாரத் தாள்: 46, 80, 84, 40, 32 எல்லாம் சரி. 'ராஜா'வும் ராஜாவாகிவிட்டார். 25+17 க்கு மட்டும் 47. சிலேட் திரும்பல் என்றால் 6 போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வந்திருக்க வேண்டும், அல்லவா?

பழையகணக்கு | ஜூலை 25, இரவு 8.52

5 கூடுதல். மணிச்சட்டத்தில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதினாளா?

நாலாம்வகுப்பு | ஜூலை 25, இரவு 9.01

ஆமாம்!

பழையகணக்கு | ஜூலை 25, இரவு 9.10

25 இருக்கிறது, ஒன்றாமிடத்தில் மேல்மணி மட்டும். 10 சேர்த்து 35. இனி 7 சேர்க்கக் கீழே மணி போதாது, பத்தாமிடத்தில் இன்னொன்று ஏற்றி 45, ஒன்றாமிடத்தில் 3 குறைக்க வேண்டும். 5 இல் 3 போக 2: கீழே இரண்டு மணி ஏற்றி, மேல்மணியை விலக்க வேண்டும். இரண்டை ஏற்றியிருக்கிறாள், மேல்மணியை விலக்கவில்லை. நாளைக்கு 5 இலிருந்து 1, 2, 3, 4 கழிப்பதை மட்டும் செய்யச் சொல்லுங்கள், மேல்மணியைக் கட்டைவிரலால் விலக்கிய பிறகே கீழ்மணியைத் தொடுகிற வரிசையில்.